சாமி கட்டுகிறவளுக்குக் கட்டு இல்லை

பெருமாயி மேடையில் ஏறினால் கூட்டம் எழுந்து நின்று கும்பிடும். அவளுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

எந்த ஊர்த் திருவிழாவானாலும் ஆடல் பாடல் நிகழ்ச்சியில் முதல் பாட்டு அம்மன் பாட்டுதான். தனபால் கலைக்குழுவில் எட்டு வருஷமாக அம்மன் பெருமாயிதான். மஞ்சள் சேலை, அட்டைக் கிரீடம், தகரச் சூலம், வாய் நிறைய வேப்பிலை. ஆள் நல்ல உயரம், கண் அகலம். நாக்கைத் துருத்திக்கொண்டு அவள் மேடையைச் சுற்றி வந்தால் முன்வரிசையில் யாருக்காவது அருள் வந்துவிடும். கைக்குழந்தையைத் தூக்கி நீட்டுவார்கள். குடத்தோடு ஏறி வந்து காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். விசில் மட்டும் யாரும் அடிக்க மாட்டார்கள். அம்மனைப் பார்த்து எவன் விசில் அடிப்பான்?

அந்தப் பாட்டு முடிந்தால் அன்றைக்கு அவள் வேலையும் முடிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்களின் துணிமணிக்குக் காவல் இருக்க வேண்டியதுதான். அது தனபால் போட்ட சட்டம். இப்போதுதான் காலில் விழுந்து எழுந்த ஜனம், அதே பெண்ணை ஒருத்தன் கட்டிப்பிடித்து ஆடுவதைப் பார்த்தால் மேடையைப் பிரித்துப் போட்டுவிடும் என்பது அவர் பயம். கொல்லிமலை ஊர்களில் ஆடும்போது அந்தப் பயம் அவருக்கு இரண்டு மடங்காகும்.

ஜோடிப் பாட்டில் இருவரும் கட்டிப்பிடித்து நிற்கிற இடத்துக்குக் குழுவில் ‘கட்டு’ என்று பெயர். ‘ரெண்டாவது சரணத்துல ஒரு கட்டு, முடிக்கும்போது ஒரு கட்டு’ என்று சொல்லித்தான் பாட்டைப் பிரிப்பார்கள். வேஷம் போடுவதையும் கட்டுவது என்றே சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துத் தனபால் ஒரு வசனம் வைத்திருந்தார்.

“சாமி கட்டுறவளுக்குக் கட்டு இல்ல, அம்மிணி. ரெண்டுல ஒண்ணுதான்.”

ஒவ்வொரு சீசனிலும் இதைப் புதிதாகச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

ஜோடிப் பாட்டு தேன்மொழிக்கு. அவளோடு ஆடுகிறவன் பூபதி. வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக அவன் வந்து நின்றாலே கூட்டம் கத்தும். திரையின் கிழிசல் வழியாகப் பெருமாயி பார்த்துக்கொண்டிருப்பாள். தேன்மொழி தப்பாக ஒரு அடி வைத்தால் அவளுக்குள் சின்னதாக ஒரு விளக்கு எரியும். சரியாக வைத்தால் அணைந்துவிடும். கடைசிக் கட்டில் பூபதி அவளை இழுத்துச் சேர்க்கும்போது கூட்டம் எழுப்பும் சத்தத்தில் பெருமாயிக்குக் காது அடைத்துக்கொள்ளும். அந்த நேரம் தேன்மொழி கண்ணை மூடிக்கொள்வாள். அந்த மூடிய கண்ணைத்தான் பெருமாயியால் தாங்க முடியவில்லை.

‘சொக்கிப்போறா பாரு’ என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

இவ்வளவு பொறாமைக்கு ஆடுகிற ஆசை மட்டும் காரணம் இல்லை. கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். அங்கே திருப்புலி நாட்டில் சின்னுசாமி என்பவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் போட்டிருந்தான். பார்க்க நன்றாகவே இருப்பான். சில வருஷம் கழித்து அவளை வேண்டாம் என்றான். ஊர்க்கூட்டத்தில் காரணம் கேட்டார்கள். பிள்ளை இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்கு அழுகையோடு போயிருக்கும். அவன் சொன்னது வேறு.

“கட்டையக் கட்டிக்கிட்டுப் படுத்தாப்புல இருக்குதுங்க. நானும் எத்தன நாளைக்குப் பொறுக்கறது?”

கூட்டத்தில் சிரித்தார்கள். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தவர்களும் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். அவன் கண்ணாயி என்பவளை வீட்டுக்குக் கூட்டி வந்தான். பெருமாயி மலையிறங்கிக் காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்தாள். ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் மாவு காய வைக்கிற வேலை கிடைத்தது. மில்லில் ஒரு பொங்கல் நாளில் பாட்டுப் போட்டபோது ஆடினாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் தனபால் கூப்பிட்டார். டான்ஸ் எல்லாம் அவளாகவே செல்போனில் பார்த்துப் பார்த்துப் பழகியது. ஒரு அடி வரும்வரை விடமாட்டாள்.

அவள் ஆசை ஒன்றே ஒன்றுதான். திருப்புலி நாட்டில் அந்த ஊர்த் திருவிழாவில், சின்னுசாமி முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க, அவளை ஒருத்தன் கட்டிப்பிடித்து ஆட வேண்டும். ஊரே விசில் அடிக்க வேண்டும். கட்டையா இது என்று அவன் பார்க்க வேண்டும்.

ஒருமுறை மலையிலிருந்து வேன் இறங்கிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேன்மொழி மெதுவாகச் சொன்னாள்.

“அந்தப் பூபதி கட்டுனா மூச்சே நின்னு போகுதுக்கா.”

பெருமாயிக்குச் சுருக்கென்றது. என்னிடம் வந்தா இதைச் சொல்கிறாய் என்று நினைத்தாள்.

“நிக்கும் நிக்கும். எனக்கென்ன தெரியும், நான் சூலத்தக் கட்டிக்கிட்டு ஆடறவ” என்றாள்.

தேன்மொழி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த சீசன் தொடங்கும்போது தேன்மொழி தனபாலிடம் போய் ஒரு காரியம் கேட்டாள். இனிமேல் அம்மன் வேஷம் தனக்கு வேண்டும் என்றாள். அதைக் கேட்டபோது பெருமாயிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கட்டும் அவளுக்கு, கும்பிடும் அவளுக்கா? எட்டு வருஷமாக எரிச்சலோடு கட்டிய அட்டைக் கிரீடம் அந்த நிமிஷம் அவளுக்குத் தங்கமாகிவிட்டது.

“அண்ணா, அது என் வேசம்” என்றாள்.

“உன் வேசந்தான், யாரு இல்லைன்னா?” என்றார் தனபால். “அவ அம்மன் கட்டுனா டூயட்டுக்கு ஆள் வேணும். நீ ஆடறயா?”

பெருமாயி விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. இரண்டில் ஒன்றுதான் என்பது சட்டம். டூயட்டை எடுத்துக்கொண்டாள். ஆனால் கிரீடத்தைத் தேன்மொழியிடம் கொடுக்கும்போது, பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற முகத்தோடுதான் கொடுத்தாள்.

கடைவீதியில் ஜீனத் பீவிதான் குழுவுக்குத் துணி தைப்பவர். டூயட்டுக்குப் பாவாடையும் ஜாக்கெட்டும் அளவெடுக்கப் போனாள் பெருமாயி. ஜீனத் பீவி டேப்பை இடுப்பில் சுற்றிவிட்டு நிமிர்ந்தார்.

“தேன்மொழி ஜாக்கெட்டப் பிரிச்சுப் பெருசு பண்ணலாம்னு பாத்தேன். ரெண்டு தேன்மொழி வேணும் போல இருக்கே.”

“புதுசாவே தைங்க. அவளோடத விட ஜிகினா சாஸ்தியா வெய்யுங்க.”

“வெக்கிறேன், வெக்கிறேன். மேடையில லைட்டே போட வேண்டாம்னு தனபால்கிட்டச் சொல்லிடு.”

தனபால் வீட்டு மொட்டை மாடியில் பயிற்சி நடந்தது. பூபதி அவளை விடச் சின்னவன். மேடைக்கு வெளியே அக்கா என்றுதான் கூப்பிடுவான். அடிகள் எல்லாம் சுத்தமாக வைப்பான். கட்டு வருகிற இடத்தில் மட்டும் கையைக் காற்றில் காட்டிவிட்டு, “இது மேடையில பாத்துக்கலாங்கக்கா” என்று நகர்ந்துவிடுவான். மரியாதைக்காரப் பையன் என்று பெருமாயி நினைத்தாள்.

மலைமேல் பைல் நாட்டில் ஒரு ஊரில் முதல் ஆட்டம். இரண்டாவது சரணத்தில் பூபதி அவளை இழுத்தான்.

வலது கை அவள் விலா எலும்புக்குக் கீழே வந்து, விரல்கள் உள்ளே புதைவது போல அழுத்திப் பிடித்தது. இடது கை பிடரியில். அவன் தாடை அவள் கழுத்துக் குழியில் இறங்கியது. பாட்டில் அந்த இடம் முடிந்து தவில் அடித்துவிட்டது. அவள் சுழன்று வெளியே வர வேண்டும். அவன் விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்து, பிறகுதான் விட்டான். அந்த இன்னும் கொஞ்சம் நேரத்தில் பெருமாயிக்கு மூச்சு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. கண் தானாக மூடிக்கொண்டது.

கூட்டம் விசில் அடித்தது. அவள் வாழ்க்கையில் அவளுக்காக அடித்த முதல் விசில். கை காலெல்லாம் சிலிர்த்தது. அதே சமயம் அவன் கை பட்ட இடத்தைத் துடைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. எது எதனால் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் குளிக்கும்போது விலாவில் விரல்கள் பதிந்த இடம் கன்றியிருந்தது. தொட்டுப் பார்த்தபோது அவளுக்குச் சின்னுசாமி நினைவுக்கு வந்தான். அவனும் இப்படித்தான் பிடிப்பான். இதே இடத்தில், இதே மாதிரி அழுத்தி. அப்போதும் அவள் உடம்பு இப்படித்தான் விறைத்துக்கொள்ளும். கட்டை என்று அவன் பேர் வைத்தது அந்த விறைப்புக்கு. இத்தனை வருஷமாக அது தன் உடம்பின் குற்றம் என்றே அவள் நினைத்திருந்தாள். பிடிக்கிற கையைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. 

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் பூபதியிடம் சொல்லிப் பார்த்தாள்.

“தம்பி, கட்டுல கை ரொம்ப அழுத்துது. தவிலு அடிச்சதும் உட்ரோணும்.”

“டூயட்டுன்னா அப்படித்தானுங்கக்கா. லூசாப் புடிச்சா அக்கா தம்பி ஆடறாப்புல இருக்கும்.” அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். “தேன்மொழி இத்தன நாளு ஒண்ணும் சொல்லலியே.”

பெருமாயி பாவாடை நாடாவை இறுக்கிக்கொண்டாள். சொல்லாமல் ஆடினவளைவிடத் தான் குறைந்தவள் ஆகிவிடக் கூடாது என்று தோன்றிவிட்டது. அன்றைக்கும் ஆடினாள். அன்றைக்கும் மூச்சு நின்றது.

அப்போதுதான் அந்த வார்த்தை அவளுக்கு உறைத்தது. மூச்சே நின்னு போகுதுக்கா.

தேன்மொழி திரைக்குப் பின்னால் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. அன்றைக்கு அவள் காலில் ஒரு கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் விழுந்திருந்தார்கள். பெருமாயிக்குத் தன் எட்டு வருஷத்தில் அப்படி ஒரு ஜோடி விழுந்ததாக நினைவில்லை. அந்த எரிச்சலையும் அடக்கிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

“ஏம்புள்ள, அவன் கட்டு இப்படின்னு எங்கிட்டச் சொல்லக் கூடாதா?”

தேன்மொழி கையை நிறுத்தினாள்.

“சொன்னனேக்கா. வேன்ல வெச்சுச் சொன்னேன். மூச்சு நின்னு போகுதுன்னு.”

“நீ பெருமைக்குச் சொன்னீன்னு நெனச்சேன்.”

“பெருமைக்கா?” தேன்மொழி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க என்னையப் பாக்கற பார்வைக்கு, நெஞ்சு வலிக்குதுன்னாக்கூட நெக்லஸ் போட்டிருக்கேன்னு நெனச்சுக்குவீங்க.”

“தனபாலண்ணன்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல.”

“சொன்னேன். அவன் போனா கூட்டம் வராது, கொஞ்சம் அனுசரிச்சுக்க அம்மிணின்னாரு. அதான் சாமி வேசங் கேட்டேன். சாமிய எவனும் தொட மாட்டானில்ல.” பொட்டைப் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டினாள். “நீங்கதான் ஆசைப்பட்டீங்க. ஆடுங்க.”

கடைசி வார்த்தையில் கொஞ்சம் குத்தல் இருந்தது. பெருமாயிக்கு அது நியாயம் என்றே பட்டது. நியாயம் என்று பட்டதால் இன்னும் கோபம் வந்தது.

திருப்புலி நாட்டு ஆட்டத்துக்குத் தேதி வந்தது. அதே ஊர். வேன் மலை ஏறும்போது சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி பச்சையாக ஏறியிருப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பெருமாயி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பூபதியிடம் திரும்பவும் சொல்லலாம். கேட்க மாட்டான். மேடையில் அவன் கையைத் தானே எடுக்கலாம். எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சின்னுசாமி பார்த்துக்கொண்டிருப்பான். பாத்தீங்களாடா, நான் சொன்னேனில்ல, கட்டை என்பான். எதைப் பொய் என்று காட்ட இத்தனை வருஷம் காத்திருந்தாளோ, அதைத் தன் கையாலேயே உண்மையாக்கிவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டால் விசில் கிடைக்கும். ஒரு பாட்டு. கொஞ்சம் மூச்சு. அவ்வளவுதானே.

பத்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்று போலீசில் சொல்லியிருந்ததால் பொழுது இறங்கியதுமே தொடங்கிவிட்டார்கள். தேன்மொழி அம்மன் ஆடி முடித்தாள். ஊர் எழுந்து நின்று கும்பிட்டது. பெருமாயிக்குத் தெரிந்த முகங்கள். அவளை மலையிறங்க விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். எல்லோரும் தேன்மொழியைக் கும்பிட்டார்கள்.

முன்வரிசையில், நடுவில், சின்னுசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முடி முன்னால் கொட்டியிருந்தது. பக்கத்து நாற்காலியில் கண்ணாயி. அவன் கை அவள் நாற்காலியின் முதுகில் கிடந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் பெருமாயிக்கு எரிந்தது. எரியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தனக்கு வேண்டாம் என்று ஆகிப்போன பொருள் இன்னொரு வீட்டில் இருப்பதைப் பார்த்தாலும் எரியத்தான் செய்கிறது.

பாட்டு தொடங்கியது. ஜீனத் பீவியின் ஜிகினா வெளிச்சத்தில் சிதறியது. கீழே யாரோ, “அட, நம்ம பெருமாயிடா” என்றது கேட்டது. அவள் நன்றாக ஆடினாள். முதல் சரணத்தில் கால் ஒரு இடத்திலும் பிசகவில்லை.

இரண்டாவது சரணம். பூபதி கையை விரித்துக்கொண்டு வந்தான். அவன் வலது கை அவள் விலாவைத் தேடி இறங்கியது.

அவள் உடம்பு விறைக்கத் தொடங்கியது. கால் பெருவிரலிலிருந்து மேலே ஏறிக்கொண்டு வந்தது. அது எங்கே போய் முடியும் என்று அவளுக்கு இப்போது தெரியும். அந்த விறைப்போடு நின்றால்தான் கட்டை. விசில் அடித்தாலும் கட்டைதான். அது அவளுக்கு அந்த நொடியில் விளங்கியது.

அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்துத் தூக்கித் தன் தோளுக்குப் பின்னால் வைத்தாள். வைத்த கையின் மேல் தன் கையையும் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையை விரித்து அவன் மார்பில் பதித்து, நடுவில் மூச்சு விடுகிற அளவு இடம் வைத்தாள். பூபதி திகைத்துப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண் உருண்டது. கையைத் திரும்பக் கீழே இறக்கப் பார்த்தான்.

“எறக்குனா பாட்டு இங்கயே நின்னு போகும், பூபதி” என்று அவன் காதில் சொன்னாள். உதட்டில் சிரிப்பு இருந்ததால் கீழே இருந்தவர்களுக்கு ஏதோ கொஞ்சல் போலத் தெரிந்திருக்கும்.

தவில் அடித்தது. அவள் சுழன்று வெளியே வந்தாள்.

விசில் வரவில்லை. கூட்டம் ஒரு கணம் என்ன என்று பார்த்தது. அந்த அமைதியில் சின்னுசாமியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“கட்டைங்கடா அது. நான் அப்பவே சொன்னேனில்ல.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்களில் சிலர் முன்பு துண்டால் வாயை மூடிச் சிரித்தவர்கள்தான். பெருமாயிக்கு முகம் சுட்டது. ஆனால் மூச்சு இருந்தது. மூச்சு இருந்ததால் மூன்றாவது சரணத்தில் கால் பறந்தது. மொட்டை மாடியில் ஒருமுறைகூட வராத இரட்டைச் சுழற்சி வந்தது. கடைசிக் கட்டில் பூபதியின் கை தானாகவே அவள் தோளுக்குப் போனது. அப்போது பின்வரிசையில் நின்றிருந்த பெண்கள் பக்கமிருந்து கைதட்டல் கிளம்பியது. விசில் இல்லை, கைதட்டல்தான். அது முன்னால் பரவி வர நேரமானது. சின்னுசாமி வரிசையை எட்டுவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

திரைக்குப் பின்னால் பூபதி கத்தினான்.

“இந்த அக்கா இருந்தா நான் ஆட மாட்டேனுங்க. மேடையில வெச்சு என் கையைப் புடிச்சு எடுத்து வெக்கறாங்க. நான் என்ன எல்கேஜியா?”

தனபால் பெருமாயியைப் பார்த்தார். அனுசரிச்சுக்க என்ற வார்த்தை அவர் வாய்வரை வந்தது அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் மூலையிலிருந்து தேன்மொழி, “அந்த அக்கா இல்லைன்னா அம்மன் பாட்டும் இல்லீங்கண்ணா” என்றாள். கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னாள். அம்மன் பாட்டு இல்லாமல் இந்தப் பக்கத்தில் ஒரு ஊரும் மேடை தராது. தனபால் மைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டை அறிவிக்கப் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் படுத்திருந்துவிட்டுக் காலையில் புறப்பட்டார்கள். வேன் ஊர் முக்கில் டீக்கடை அருகே நின்றது. பெருமாயி டம்ளரோடு தனியாக நின்றாள். கையில் பால் தூக்கோடு கண்ணாயி வந்தாள். இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ஏனுங்க, அடுத்த வருசம் இங்க ஆட வராதீங்க” என்றாள் கண்ணாயி.

“ஏன், ஆட்டம் நல்லா இல்லியா?”

“நல்லா இருந்துச்சுங்க. அதான் சொல்றேன். ஊட்டு ஆளு ராத்திரி சோறு திங்கல. அந்த வெள்ளச் சட்டைக்காரன் யாரு, எந்த ஊரு, கல்யாணம் ஆனவனான்னு என்னையக் கேட்டுக்கிட்டுக் கெடக்காரு. எனக்கு என்னங்க தெரியும்?”

அவன் எரிந்திருக்கிறான். இத்தனை வருஷம் பெருமாயி ஆசைப்பட்டது அதுதான். சூடான டீயோடு சேர்ந்து அது உள்ளே இறங்கியது. இனிக்கத்தான் செய்தது. இல்லை என்று அவளால் சொல்ல முடியாது. ஆனால் எதிரில் நின்ற கண்ணாயி அவளைத் தலைமுடியிலிருந்து செருப்புவரை அளந்துகொண்டிருந்தாள். ராத்திரி அவளும் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று பெருமாயிக்குத் தோன்றியது.

“அந்த ஆளு சோத்துக்கு நான் பொறுப்பு இல்ல, கண்ணாயி. தனபாலண்ணன் கூப்பிட்டா வருவேன்.”

“டூயட்டுக்கா?”

“டூயட்டுக்குத்தான்.”

கண்ணாயி தூக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். சற்றுத் தூரம் போய்த் திரும்பினாள்.

“அந்தக் கைய எடுத்து வெச்சீங்களே, அவன் ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னான். சொல்லட்டும்.”

கண்ணாயி தூக்கை மறுபடியும் கை மாற்றினாள். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

வேனுக்கு அருகில் பூபதி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றான். இரவு முழுக்க யோசித்திருப்பான் போல.

“கை எங்க வெக்கோணும்னு இப்பவே சொல்லீருங்க. மேடையில வந்து புடிச்சு எடுக்காதீங்க. அசிங்கமா இருக்குது.”

“வெய்யி, பாப்போம்.”

டீக்கடைக்காரர்கள் பார்க்க, பட்டப்பகலில், அவன் கையை நீட்டி அவள் முதுகில் வைத்தான்.

“மேல.”

கை ஏறியது.

“இன்னும் மேல. அழுத்தாத. ம், அங்கதான். தவிலு அடிச்சா?”

“உட்ரோணும்.”

“அவ்வளவுதான்.”

“இப்படிப் புடிச்சா எவனும் விசில் அடிக்க மாட்டானுங்கக்கா” என்றான் பூபதி, பாதி அழுகையாக.

“அவனுக அடிக்கலைன்னா நான் அடிக்கறேன்” என்றாள் தேன்மொழி. வேன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இரண்டு விரலை நாக்கடியில் மடித்து வைத்து ஒரு விசில் அடித்தாள். மலை திரும்பக் கொடுக்கிற விசில். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பெருமாயியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வேனில் ஏறும்போது, இதுவும் இவளுக்கு வருகிறதே என்று ஒரு கணம் அவளுக்கு எரிந்தது.